நாலாக் கரம்பை

மே மாத வெயிலில் காய்கிற நாலாச் சேற்றுக்கு ஒரு வாடை உண்டு. வாரிப் போட்ட அன்றைக்கு அழுகின முட்டை மாதிரி குடலைப் புரட்டும். காயக் காய அது மாறி, தீக்குச்சியை உரசினதும் வருமே, அதுபோல மூக்கு நுனியில் சுரீரென்று குத்தும். மேலோடு நன்றாகக் காய்ந்து வெடிப்பு விட்ட பிறகு, கிட்டப் போய்க் குனிந்து முகர்ந்தால், அதுவரை அடியில் ஒளிந்துகிடந்தது போல நல்ல மண் வாடையும் கொஞ்சம் எழும்பி வரும். அந்தக் கடைசி வாடைதான் எங்கள் அப்பாவைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அப்போது பதினோரு வயது இருக்கும்.

"நாலா" என்று பம்பாயில் சொல்வது பெரிய திறந்த சாக்கடையை. தாராவியில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் போகிற நாலா எங்கெங்கோ வளைந்து கடைசியில் மித்தி ஆற்றில் போய் விழும். மழை பிடிப்பதற்கு முன்னால் முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து, ஒரு வருஷமாக அடியில் படிந்துகிடக்கிற சேற்றை வாரிக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவார்கள். ஈரத்தோடு லாரியில் ஏற்ற முடியாது என்பதால் அது கொஞ்ச நாள் அங்கேயே காயும். அந்த நாட்களில் எங்கள் தெருவில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு, யாரையாவது திட்டிக்கொண்டு, லாரி எப்போது வரும் என்று பார்த்திருப்பார்கள். லாரி வந்துவிடக் கூடாதே என்று பார்த்திருந்தது அந்த வருஷம் எங்கள் வீடு மட்டுமாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு ஒரு கீரைப் பாத்தி இருந்தது. எங்களுக்கு என்றால் சொந்தமாக இல்லை. சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் தண்டவாளத்தை ஒட்டிக் கிடந்த நீளத் துண்டு அது. ரயில்வேயில் வேலை பார்த்த ஷிண்டே என்பவர் பேரில் இருந்தது. அவரை நாங்கள் சித்தப்பா முறையில் "காகா" என்போம். அவர் வேலைக்குப் போய்விடுவார், நிலத்தைப் பார்க்க நேரமில்லை என்று அப்பாவிடம் விட்டிருந்தார். அப்பா அதில் அரைக்கீரை, தண்டங்கீரை, சிறுகீரை போடுவார். மராட்டிக்காரர்கள் வாங்குகிற கீரை வேறு; இதெல்லாம் நம்மவர்கள் கேட்கிற கீரை. அம்மா கூடையில் வைத்துக் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் கொண்டுபோனால், மாட்டுங்கா வீடுகளில் "எஸ்தர் வந்தாச்சா" என்று கேட்டு வாங்குவார்கள். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவள், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பாத்தியைப் பற்றி ஒரு வரிகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

தண்டவாள ஓரத்து மண்ணை மண் என்று சொல்வதே பெரிய மனது. ஜல்லியும், பழைய கரித்தூளும், இடித்த கட்டடத்துக் கல்லும் கலந்து கொட்டின இடம். ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். ஏற்கெனவே அங்கே விவசாயம் பார்த்தவர் போட்டுவைத்திருந்த மண்ணின் சத்தை மழை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போய்விட, அந்த வருஷம் கீரை விரல் நீளம் வளர்ந்ததும் மஞ்சளடித்து நின்றுவிட்டது. காகா ஒருநாள் டியூட்டி முடிந்து அந்த வழியாக வந்தவர், செருப்புக் காலால் ஒரு செடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "முத்து, ஜமீன் காலி நை மாங்தா" என்றார். நிலம் சும்மா கிடக்கக் கூடாது. கிடந்தால் மேலே இருப்பவர்கள் என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வார்கள், மழை பிடித்து வருவேன், அப்போதும் இப்படியே இருந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சிரித்த முகமாகத்தான் சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னதால்தான் எனக்குப் பயமாக இருந்தது. கோபத்தில் சொன்னவர்கள் மறந்துவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கும்.

இந்த நேரத்தில்தான் நாலாக் கரையில் அந்தக் குவியல்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம். தாமிரபரணித் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து நிறைகிற குளங்கள் உள்ள பகுதி. ஆறு மலையிலிருந்து இறங்கும்போது வெறும் தண்ணீராக இறங்குவதில்லை. மலையின் மேல்மண், மக்கின இலை, பாறை தேய்ந்த பொடி எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டுதான் இறங்குகிறது. ஓடுகிறவரை அது தண்ணீருக்குள் இருக்கும். தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே மெல்ல அடியில் படியும். அதுதான் வண்டல். வெள்ளம் ஏறி இறங்கின வயலில் ஆறே அதைப் பரப்பிவிட்டுப் போகும், அந்த வருஷ நெல்லுக்கு உரம் தேட வேண்டாம். ஆறு ஏறாத செம்மண் காட்டுக்கு மனிதன்தான் கொண்டுபோக வேண்டும். குளம் வற்றுகிற கோடையில் அடியில் வெடித்துக் கிடக்கிற கறுப்பு வண்டலை வெட்டி வண்டி வண்டியாக அடிப்பார்கள். அதைத்தான் எங்கள் பக்கம் "கரம்பை" என்பது. ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வேரை இறுக்காது, ஒரு தடவை போட்டால் சில வருஷத்துக்குப் பலன் கொடுக்கும். பெண்கள் அதையே ஊறவைத்துத் தலைக்குத் தேய்த்துக் குளிப்பார்கள். அம்மா பம்பாய்க்கு வந்த பிறகும் சோப்போ ஷாம்புவோ தலையில் வைத்தவளில்லை. ஊரிலிருந்து யார் ரயிலேறினாலும் ஒரு சின்ன மூட்டைக் கரம்பை அவளுக்கு வந்துவிடும்.

அப்பாவுக்கு ஊரில் வயல் கிடையாது. சின்ன வயதில் அவர் கரம்பை வெட்டினதும் சுமந்ததும் வண்டியில் ஏற்றினதும் எல்லாம் மற்றவர்கள் காட்டுக்கு. அதனால்தான் அந்தக் குவியலைப் பார்த்ததும் அவர் முகம் அப்படி ஆனது என்று இப்போது தோன்றுகிறது. காய்ந்து வெடித்த ஒரு கட்டியைக் கையில் எடுத்து, உடைத்து, முகர்ந்து, உள்ளங்கையில் எச்சில் தொட்டுக் குழைத்து அம்மாவிடம் நீட்டினார்.

"எஸ்தரு, இது கரம்பைதாம்ட்டி. சுத்தக் கரம்பை."

அம்மா கையை நீட்டவில்லை. "ஊர்க் குளத்துல மாடு குளிச்சிது, நாம குளிச்சோம். இதுல என்னென்ன குளிச்சிதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

அப்பா அதற்குச் சிரித்தார். மேலே மலை இருக்கிறது, ஏரி இருக்கிறது, இந்த மித்தி ஆறும் அங்கேயிருந்துதான் வருகிறது, எந்த ஊர் வண்டலும் மலை மண்தான் என்றார். அந்த நாலாவில் தோல் கிடங்குத் தண்ணீர் விழுகிறதும், சாயப் பட்டறைத் தண்ணீர் விழுகிறதும், டப்பா கழுவுகிற இடத்திலிருந்து நுரை வருகிறதும் அவருக்குத் தெரியாததில்லை. தினமும் அதைத் தாண்டித்தான் போவார். ஆனால் காய்ந்து வெடித்த கறுப்பு மண்ணைப் பார்த்தால் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. நாலாக் கரையில் எத்தனையோ ஊர்க்காரர்கள் இருந்தார்கள். மூக்கைப் பொத்தாமல் அதைச் சாக்கில் அள்ளினது அவர் ஒருவர்தான்.

லாரி வருவதற்குள் அள்ள வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் சுமந்தார். சைக்கிளில் சாக்கைக் கட்டித் தள்ளிக்கொண்டு போவார், நான் பின்னால் பிடித்துக்கொண்டு போவேன். தெருவில் "முத்தண்ணாச்சி, வீட்ல இருக்க குப்பை பத்தலியா, விலைக்கு வாங்கப் போறியளா" என்று கேலி பண்ணினார்கள். அப்பா கேட்டுக்கொண்டே தள்ளுவார். அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவள் பேசிக்கொண்டிருந்தால் எனக்குப் பயமில்லை. பேசாமல் இருந்தால், அடுப்பில் பால் வைத்துவிட்டு வெளியே வந்த மாதிரி இருக்கும்.

பரப்பிக் கொத்தி விதைத்தாயிற்று. குழியில் ஊறுகிற தண்ணீரை இறைத்து ஊற்றினோம். இதற்கு முன்னால் ஊற்றினதும் ஓடிப்போன தண்ணீர் இப்போது நின்றது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மண் தண்ணீரை மெதுவாகக் குடிக்கிற சத்தம் கேட்கிறதா என்று என்னைக் கேட்டார். எனக்குக் கேட்கவில்லை, கேட்கிறது என்று சொன்னேன்.

முளைப்பு சும்மா வரவில்லை, நெருக்கியடித்து வந்தது. எல்லாரும் முளைப்பைப் பார்த்தபோது நான் மற்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து என் புத்தி அப்படி. அப்பாவின் கால் விரல் இடுக்கில் தோல் வெடித்துச் சிவந்தது. "சேத்துப்புண்ணு, வேல செய்யுத காலுக்கு வரத்தான் செய்யும்" என்று மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டார். சேற்றுப்புண் எனக்கும் தெரியும், அது வெள்ளையாக ஊறிப் போகும். இது காய்ந்து, நகத்தைச் சுற்றி மஞ்சளாகி இருந்தது. அப்புறம் புழு. பழைய பாத்தியில் எவ்வளவு மட்டமான மண் என்றாலும் கொத்தினால் நாலைந்து மண்புழு நெளியும். களை பறிக்கிற சாக்கில் நான் கிளறிக் கிளறிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. மேலே பச்சையாகத் தளதளவென்று நிற்கிறது, அடியில் உயிர் என்று எதுவும் நடமாடவில்லை. இதை யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன ஆகும், காகா வந்து நிலத்தைப் பிடுங்கிக்கொள்வாரோ, சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ராப்பகலாக மனதைப் போட்டு உழப்பிக்கொண்டிருந்தேன்.

அதற்கிடையில் கலைப்புக் கீரை வந்தது. நெருக்கமாக முளைத்ததை இடைவெளி விட்டுப் பிடுங்குவார்கள் அல்லவா, அந்தப் பிஞ்சுக் கீரையை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். விற்கிறதில்லை அது, வீட்டுக்குத்தான். அம்மா முறத்தில் போட்டு ரொம்ப நேரம் பார்த்தாள், கழுவினாள், மறுபடி கழுவினாள், பூண்டு தட்டிப் போட்டு ஆக்கினாள். அப்பா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நானும் தம்பியும் சாப்பிட்டோம். ருசியாகத்தான் இருந்தது. அன்றைக்குப் பிறகு தம்பி ஒரு தும்மல் போட்டாலும் நான் அவன் முகத்தைப் பார்ப்பேன்.

எங்கள் வேதக்கோயில் சபையில் பள்ளிக்கூடம் திறந்து மழை பிடிக்கிற சமயத்தில் அறுப்பின் பண்டிகை வரும். ஊரில் என்றால் நெற்கதிரும் வாழைத்தாரும் ஆடும் கோழியும் கோயிலுக்கு வரும், ஆராதனை முடிந்து ஏலம் போடுவார்கள். தாராவியில் யாருக்கு என்ன அறுப்பு? கடையில் வாங்கின பிஸ்கட் பாக்கெட், எண்ணெய், குக்கர், ஒரு வருஷம் ஒருவர் மேசை மின்விசிறியே கொண்டுவந்து வைத்தார். நிஜமாக மண்ணிலிருந்து அறுத்துக் கொண்டுவருகிற ஒரே குடும்பம் நாங்கள்தான். அப்பா அந்த ஒரு நாளைக்கு வெள்ளைச் சட்டை போட்டு, முதல் அறுப்புக் கீரையைக் கட்டுக் கட்டாகத் தோளில் வைத்துக்கொண்டு நடுவழியாக நடந்து போவார். அந்த முதல் கட்டைப் பீடத்தில் வைத்த பிறகுதான் மாட்டுங்காவுக்கு விற்கிற கீரையில் கை வைப்பது. ஏலத்தில் போட்டி போட்டு எடுப்பார்கள், எடுத்தவர்கள் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு வைப்பார்கள். அதாவது அந்தக் கீரை அன்று பாதிச் சபையின் வயிற்றுக்குள் போகும்.

அந்த வருஷம் பண்டிகைக்கு முந்தின நாள் சனிக்கிழமை. மத்தியானம் அப்பா பாத்தியில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார், சாயங்காலம் அறுக்கலாம் என்று. கீரை முழங்கால் உயரத்துக்கு நின்றது. அந்தப் பச்சையை என்னால் விவரிக்க முடியாது. கறுப்புக் கலந்த பச்சை, இலை ஒவ்வொன்றும் கைக்குட்டை போல. அந்த வழியாகப் போகிற ரயிலிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். காகாவுக்கும் ஆள் மூலம் செய்தி போய், நல்லது, நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்த அறுப்போடு எங்கள் நிலம் எங்களுக்கு நிலைத்துவிடும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

நான் வாயைத் திறந்தது அப்போதுதான். அம்மா வீட்டில் கூடைக்குள் விரிக்கச் சாக்குத் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அந்த மண்ணுல ஒரு புழுகூட இல்ல" என்றேன். அம்மா கிழிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். எத்தனை இடத்தில் பார்த்தாய் என்று கேட்டாள். எல்லா இடத்திலும் என்றேன். எழுந்து துணியை உதறிவிட்டு, "வா" என்று என்னையும் கூட்டிக்கொண்டு பாத்திக்குப் புறப்பட்டாள். போகும்போது பரணிலிருந்து தன் கரம்பை மூட்டையையும் இரண்டு எவர்சில்வர் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டாள்.

பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து இரண்டிலும் தண்ணீர் ஊற்றினாள். அந்தத் தண்ணீரும் வீட்டுக் குழாயில் பிடித்து பாட்டிலில் கொண்டுவந்தது. ஒன்றில் ஊர்க் கரம்பைக் கட்டியைப் போட்டாள். அது சின்னச் சின்னக் குமிழி விட்டு, பூ உதிர்வதுபோல அடுக்கடுக்காகப் பிரிந்து, கலக்காமலே வெண்ணெய் மாதிரிக் குழைந்து படிந்தது. இன்னொன்றில் நாலாக் கட்டி. அது கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு ஒரு பக்கம் சரிந்து, அடியில் கருமணலாக இறங்க, தண்ணீருக்கு மேலே மயில் கழுத்து நிறத்தில் ஒரு மெல்லிய ஆடை விரிந்தது.

அப்பா அரிவாளோடு பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "கிண்ணத்துல எண்ணெ இருந்திருக்கும்" என்றார்.

அம்மா கிண்ணத்தைக் கவிழ்த்து, முந்தானையால் துடைத்து, மறுபடி ஊற்றி, வேறொரு கட்டியைப் போட்டாள். மறுபடியும் அதே ஆடை. அப்பா எதிரே வந்த ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

"சரி" என்றாள் அம்மா. "கரம்பைன்னுதான சொல்லுதிய. ஊர்ல இத வயலுக்கும் போட்டோம், தலைக்கும் தேச்சோம். நாளைக்குக் கோயிலுக்குப் போவணும்லா, நான் தேச்சுக் குளிச்சுட்டு வாரேன்." சொல்லிக்கொண்டே கொண்டையை அவிழ்த்தாள். அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. ஒரு கை நிறைய அந்தக் கறுப்புச் சேற்றைக் கிண்ணத்திலிருந்து வழித்து எடுத்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன், மறுபடி அப்பாவைப் பார்த்தேன். அவள் கோபத்தில் மிரட்டுகிறாள் என்று யாராவது நினைத்தால் அவளைத் தெரியாதவர்கள். உச்சிக்குப் போன கை தலையில் படப் போகிற அந்த நேரம் அப்பா குனிந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"விடு எஸ்தரு. தலைக்கு வேண்டாம்."

அம்மா கையை விடுவித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. அப்படியே நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "தலைக்கு ஆவாதுன்னா, வயித்துக்கு எப்பிடிங்க ஆவும்?"

அவளுடைய விரலிடுக்கு வழியாகச் சேறு அப்பாவின் கை மேல் சொட்டியது. அவர் அதைத் துடைக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துக் கையை விட்டார். அரிவாளைக் கொண்டுபோய்க் குழிக்கரையில் வைத்தார். பிறகு பாத்தியின் ஒரு மூலையில் குந்தி, முதல் செடியை வேரோடு பிடுங்கினார்.

மழை பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் பிடுங்கினோம். அவ்வளவு சுலபமாக வந்தது, அந்த மண்ணுக்கு அவ்வளவு பொலபொலப்பு. பிடுங்கின கீரைக் குவியலைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேர் குடையோடு வந்துவிட்டார்கள். தூரப் போடுவதற்குப் பதிலாக எங்களுக்குக் கொடுங்களேன் அக்கா, ராத்திரிக் குழம்புக்கு ஆகும் என்றார்கள். அம்மா, வேண்டாம் தாயி, பூச்சி மருந்து கூடிப் போச்சு என்று சொன்னாள். ஒருத்தி நம்பவில்லை. "தங்கம் விளைஞ்ச மாதிரிப் பொத்திக்கிடுதா பாரு, கொழுப்பு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் வளர்க்கிற ஆடு திரும்பி வந்து வாய் வைக்க, அம்மா கல்லெடுத்து விரட்டினாள். ஆட்டுக்குக்கூடக் கொடுக்க மாட்டேன் என்கிறாளே என்று எனக்கு அப்போதுதான் முழுப் பயமும் வந்தது. அந்தப் பிஞ்சுக் கீரையை நாங்கள் சாப்பிட்டோமே.

பிடுங்கினதையெல்லாம் ஓரத்தில் வேறு குழி வெட்டிப் போட்டு மூடினோம். மேலே பரப்பின நாலா மண்ணை வழித்து எடுத்துவிட்டு வேறு விதைத்தால் என்ன, மீதியை மழை கழுவிவிடாதா என்று அம்மா கேட்டாள். அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இத்தனை வருஷத்தில் மண்ணைப் பற்றி நான் கேட்டதில் இதுதான் மனதில் நிற்கிறது: "தண்ணி வந்த வழியே போயிரும். மண்ணு அப்பிடி இல்ல. போட்ட எடத்துல உக்காந்துக்கிடும்." நல்ல ஆற்று மண்ணுக்கு அதுதான் பெருமை, ஒரு தடவை படிந்தால் தலைமுறைக்கும் சோறு போடும். அதே குணம்தான் இங்கே எங்களுக்கு எதிராக நின்றது. அப்பா ஆழக் கொத்திக் கலந்திருந்தார், ஆசையாக.

மறுநாள் அவர் வெள்ளைச் சட்டை போடவில்லை. அம்மா கடையில் ஒரு தேங்காயெண்ணெய்ப் பாட்டில் வாங்கிக் கொண்டுபோய் மற்றவர்களோடு வரிசையில் நின்று வைத்தாள். வெளியே வந்ததும் ஒருவர் அப்பாவின் தோளைத் தட்டி, "என்ன முத்து, கீரை எங்க? ஒன் அறுப்பும் கடையில வாங்குறதா ஆயிட்டா?" என்று கேட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்து, மண் ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னார்.

காகா வந்தார். செய்தி கேட்டுப் பச்சையைப் பார்க்க வந்தவருக்கு வெறும் சேறு. அப்பா தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லிப் பார்த்தார். அவர் காது கொடுத்துக் கேட்டார், தலையை ஆட்டினார், எனக்குப் புரிகிறது முத்து, ஆனால் நிலத்தைக் காலியாக வைத்தால் என் தலை போகும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. போகும்போது என் தலையைத் தடவிவிட்டுத்தான் போனார்.

எங்களுக்கு அடுத்து அந்தத் துண்டு வடக்கே ஜான்பூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் கைக்குப் போனது. அப்பாவைவிடச் சின்ன வயது, தனியாளாக வந்தவர். மழை விட்டதும் அவர் பாலக்கும், மேத்தி என்கிற வெந்தயக் கீரையும் விதைத்தார். அதே மண்ணில் கறுகறுவென்று எழும்பி வந்தது. பள்ளிக்கூடம் போகும்போது வேலி வழியாக அதைப் பார்த்துவிட்டு வீட்டில் வந்து சொன்னேன். அப்பா அன்றைக்கே போனார், நானும் கூடப் போனேன். அந்த ஆள் மரியாதையாக எழுந்து பீடி கொடுத்தார், முழுவதும் கேட்டார். பிறகு ரொம்ப சாதாரணமாக, "சாச்சா, சப் யஹீ காத்தே ஹேன்" என்றார். எல்லாரும் இதைத்தான் சாப்பிடுகிறார்கள். கேலியாகச் சொல்லவில்லை, ஆறுதலாகச் சொன்னார். திரும்பி வருகிற வழியெல்லாம் அப்பா நொண்டி நடந்தார். கால் விரல் இன்னும் ஆறவில்லை. நாங்கள் பிடுங்கிப் போட்டதால் யாருடைய வயிறும் தப்பவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்கும்.

அப்பா செம்பூரில் ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேனாகப் போனார். அம்மா கீரைக் கூடையோடு போன மாட்டுங்கா வீடுகளுக்கே பாத்திரம் தேய்க்கப் போனாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்ததால் எட்டாவது முடிந்ததும் நான் வீட்டில் நின்றேன். அந்த மண்ணில் உண்மையிலேயே கெடுதல் இருந்ததா என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. பிஞ்சுக் கீரை சாப்பிட்ட எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்லது ஆனது எதுவென்று தெரியவில்லை. அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் சிறுநீரகம் கெட்டது. டாக்டர் சர்க்கரை என்றார். அம்மாவும் சர்க்கரைதான் என்று நம்பிப் போய்ச் சேர்ந்தாள். நான் மட்டும் சும்மா இருக்க மாட்டாமல் அந்த டாக்டரிடம், முன்னால் ஒரு தடவை ஒரு கீரை சாப்பிட்டோம் என்று ஆரம்பித்தேன். அவர் என்ன கீரை என்று கேட்டார், அரைக்கீரை என்றேன், நல்லதுதானே அம்மா அது என்று சொல்லிவிட்டார்.

இப்போது நான் பம்பாயைத் தாண்டி ஐரோலியில் இருக்கிறேன். தண்டவாள ஓரத்துப் பாத்திகளில் பாதிக்கு மேல் சுவராகிவிட்டன. எங்கள் துண்டு இருந்த இடத்தில் சிமெண்ட் போட்டு ஏதோ பெட்டி பெட்டியாக மின்சாரச் சாமான் நிற்கிறது. நாலாச் சேற்றை இப்போதும் எடுக்கிறார்கள், குவிக்கிறார்கள், லாரி வருகிறது. அதைக் கரம்பை என்று நினைக்கிற ஆள் ஒருவரும் அங்கே இல்லை. நல்லதுதான். ஆனால் மண் என்றால் எந்த ஆறு கொண்டுவந்தது, வழியில் என்னவெல்லாம் அதில் விழுந்தது என்று கேட்கிறவர்களும் அதோடு போய்விட்டார்கள்.

எதிர் வீட்டுப் பெண் பிரியா ஐடி கம்பெனியில் இருக்கிறாள், நம்ம ஊர்ப் பிள்ளைதான், தமிழ் பேசுவாள், வாசிக்கத் திணறுவாள். போன மாதம் பால்கனியில் தோட்டம் போடப் போகிறேன் ஆன்ட்டி என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடுகிறதாம். ரிவர் சாயில், வண்டல் மண், ரொம்ப சத்து என்றாள். பிளாஸ்டிக் வழியாகப் பார்த்தேன், நல்ல கறுப்பு.

"எந்த ஆத்து மண்ணும்மா?" என்று கேட்டேன்.

அவள் பையைத் திருப்பினாள். ஒரு பக்கம் வாசித்தாள், இன்னொரு பக்கம் வாசித்தாள், அடியில் சின்ன எழுத்தில் இருந்ததைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி வாசித்தாள். "போடலையே ஆன்ட்டி. ஏன்?"

கால் மணி நேரம் சொல்ல வேண்டிய கதை. அவளுக்கு மீட்டிங் இருந்தது. "ஒண்ணுமில்ல. ரோஜா வை, மல்லி வை. கீரை மட்டும் போடாத" என்றேன். சரி ஆன்ட்டி என்று சிரித்துக்கொண்டு போனாள். காலையில் துணி காயப்போடுகிற நேரமெல்லாம் அவள் பால்கனித் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏதோ முளைத்திருக்கிறது. இலை இன்னும் விரியவில்லை, என்ன செடி என்று இங்கிருந்து தெரியவில்லை.